நிறம், வலி, வார்டு: எங்கள் வேலூர் வாசிப்பு வட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒரு ஞாயிறு மாலை வேலூரில் பதினைந்து பேர்போல் கூடுகிறோம். நர்சிங் மாணவிகள், ஓய்வுபெற்ற நர்சுகள், லாட்ஜில் வேலை செய்யும் இரண்டு தம்பிகள், ஒரு தமிழாசிரியை. ஒரு மாதம் புத்தகம், மறுமாதம் படம். இந்த ஆண்டு முழுக்க எடுத்துக்கொண்டது இனவெறி. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு, வார்டில் 31 வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில், என் பதில்கள் இவை.

வேலூரில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் பேச வேண்டும்? இது அமெரிக்காக்காரன் பிரச்சினை இல்லையா?

விடிகாலையில் காட்பாடி ஜங்ஷனில் போய் நின்று பாருங்கள். எக்ஸ்ரே கவரை மார்போடு அணைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், மிசோரம், எல்லைக்கு அப்பால் வங்கதேசம். காந்தி ரோட்டில் லாட்ஜ் பலகை, மருந்துக்கடைப் பலகை, மெஸ் பலகை எல்லாவற்றிலும் தமிழுக்குப் பக்கத்தில் வங்காள எழுத்து. படிக்க வரும் ஆப்பிரிக்க நாட்டுப் பிள்ளைகள் வேறு. இத்தனை முகங்கள் ஒரே தெருவில் நடக்கும் ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

அந்தத் தெருவிலேயே என் காதால் கேட்ட சொற்களும் உண்டு. மிசோரத்திலிருந்து வந்து நர்சிங் படிக்கும் பெண்ணைப் பார்த்து "சைனாக்காரி". நைஜீரிய மாணவனைப் பார்த்து "காப்பிரி". ஆட்டோவில் மற்றவருக்கு ஒரு ரேட், வங்காளிக்கு ஒரு ரேட். 2014 ஜனவரியில் டெல்லி லஜ்பத் நகரில், அருணாச்சலப் பிரதேசத்து மாணவர் நிடோ தானியாவின் தலைமுடியையும் தோற்றத்தையும் கேலி செய்ததில் தொடங்கிய தகராறு அவர் சாவில் போய் முடிந்தது. வடகிழக்கு மக்கள்மீதான இந்த ஏளனத்தை விசாரிக்க மத்திய அரசு பெஸ்பருவா குழுவை அமைத்தது அதற்குப் பிறகுதான். 2020-ல் தொற்று வந்தபோது அதே முகங்களைப் பார்த்து "கொரோனா" என்று கூப்பிட்டார்கள். இது நம் நாட்டுக் கதை.

இனவெறி, நிறவெறி, நிறபேதம்: எல்லாம் ஒன்றா?

நிறபேதம் என்பது ஒரே வீட்டுக்குள்கூட இருக்கும். அக்கா மாநிறம், தங்கை வெளுப்பு, அதனால் அக்காவுக்கு வரன் தட்டிப்போவது. இனவெறி, பிறப்பால் ஒரு கூட்டமே கீழானது என்று நம்பி அதற்கேற்பச் சட்டமும் சம்பளமும் சிகிச்சையும் வகுப்பது. நிறவெறி என்ற சொல்லைத் தென்னாப்பிரிக்காவில் 1948 முதல் 1990-களின் தொடக்கம்வரை நடந்த ஆட்சிமுறைக்குத் தமிழ்ப் பத்திரிகைகள் பயன்படுத்திப் பழகிவிட்டன. எங்கள் கூட்டத்தில் சொல்லைப் பற்றிச் சண்டை போடுவதில்லை.

நாமே கறுப்புதானே. சிவப்பு பிடிக்கும் என்றால் அது எப்படி வெறுப்பாகும்?

பிரசவ வார்டு வாசலில் கேட்கும் முதல் கேள்வி, என்ன குழந்தை என்பது. இரண்டாவது, "இன்னா சிஸ்டர், கொயந்த நல்ல கலரா?" குழந்தையைக் கையில் வாங்கிய பாட்டி முகத்தைப் பார்க்குமுன் காது மடலைத் திருப்பிப் பார்ப்பார். மடலின் நிறம்தான் பின்னால் உடம்புக்கு வரும் என்று ஒரு நம்பிக்கை. பிறந்து பத்து நிமிஷம் ஆகாத சிசுவுக்கு அங்கேயே மதிப்பெண் விழுந்துவிடுகிறது.

நம் பேச்சைக் கவனியுங்கள். "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி." கறுப்பு ஒரு நிறமே இல்லை, குறைபாடு என்பதுபோல. "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." அந்த "இருந்தாலும்" என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாம் இருக்கிறது. மாசமாக இருப்பவளுக்குப் பாலில் குங்குமப்பூ போட்டுக் கொடுக்கிறோம். ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்து, 2020-ல்தான் பெயரில் இருந்த "ஃபேர்" போய் "குளோ" ஆனது. டியூபில் சொல் மாறியது, கண்ணாடி முன்னால் நிற்கும் பெண்ணின் கணக்கு மாறவில்லை.

எங்கள் தமிழாசிரியை அன்று குறுந்தொகை 27-ஐச் சொன்னார். வெள்ளிவீதியார் பாட்டு. கன்றும் குடிக்காமல், பாத்திரத்திலும் விழாமல், நல்ல பசுவின் பால் மண்ணில் சிந்தி வீணாவதுபோல, எனக்கும் ஆகாமல் என் தலைவனுக்கும் உதவாமல் என் "மாமைக் கவின்" பசலைக்கு இரையாகிறதே என்று ஒரு பெண் அழுகிறாள். மாமை என்றால் கருமை ஏறிய மாந்தளிர் நிறம். அதுதான் அவளுடைய அழகு. பசலை என்றால் வெளிறிப் போவது. அதுதான் நோய். இந்த ஊர் மொழியிலேயே ஒரு காலத்தில் வெளுப்பு நோயாகவும் கருமை அழகாகவும் இருந்திருக்கிறது என்று கேட்டதும், ஒரு மாணவி அந்த வரியை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். அவளைப் பார்த்து வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு ஊகிக்க முடிந்தது.

சினிமா காமெடியை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

ஆம். 2007-ல் வந்த "சிவாஜி" படத்தில் இரண்டு பெண்களுக்கு முகமெல்லாம் கறுப்பு மை பூசி, அவர்களைப் பார்த்ததும் நாயகன் மிரள்வதாக ஒரு காமெடி வைத்தார்கள். அந்தப் பாத்திரங்களின் பெயர் அங்கவை, சங்கவை. பாரியின் மகள்களுக்கு மரபு தந்த பெயர்கள். "அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்" என்று புறநானூற்றில் தகப்பனை இழந்து அழும் அந்தப் பெண்களின் பெயரை எடுத்து, கறுப்பு பூசி, சிரிக்க வைத்தார்கள். தியேட்டரில் சிரித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த மையைவிட அதிகம் வெளுப்பானவர்கள் இல்லை. எனக்கு அதுதான் வேதனை. அமெரிக்காவில் 19-ம் நூற்றாண்டு மேடைகளில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்தார்கள். நாம் நம்மையே பூசிக்கொண்டோம்.

அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரித்த பன்னிரண்டு வயதுப் பையன் இன்று முப்பது தாண்டியிருப்பான். ஓ.பி.யில் சீட்டு கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். அவனைக் குற்றவாளி ஆக்குவது என் வேலையில்லை. ஆனால் அவன் கண் எங்கே பழகியது என்று தெரிந்துகொள்வது என் வேலை.

சாதியும் இனவெறியும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. சாதிக்கு நிறம் அடையாளம் இல்லை. பார்த்துச் சொல்ல முடியாததால்தான் ஊரையும் தெருவையும் கேட்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே கருவியைப் பயன்படுத்துகின்றன: தொடலாமா, கூடாதா. 1946-ல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டுபோய்ஸுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார்.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மாரிசனின் முதல் நாவலான "தி புளூயஸ்ட் ஐ" 1970-ல் வந்தது. நீலக் கண் வந்தால் எல்லாரும் தன்னை நேசிப்பார்கள் என்று தினமும் வேண்டிக்கொள்ளும் கறுப்பினச் சிறுமி பெகோலாவின் கதை. அதில் ஒரு சின்ன இடம். அவள் மிட்டாய் வாங்கப் போகிறாள். கையில் காசை நீட்டுகிறாள். கடைக்காரர் அந்தக் கையைத் தொட மனமில்லாமல் தயங்குகிறார். இதை வாசித்ததும் லாட்ஜ் தம்பிகளில் ஒருவர், "எங்க ஊர்ல காச மேசமேல வெக்கச் சொல்வாங்க, மீதிய ஒசரத்துலேர்ந்து உள்ளங்கைல போடுவாங்க" என்றார். ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்த குடும்பம் அவருடையது. அமெரிக்காவின் ஒஹாயோவில் நடக்கும் கதை எங்களுக்கு அந்த நிமிஷம் பாலாற்றங்கரைக்கு வந்துவிட்டது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, மற்ற சாதியினர் தங்கள் நிலத்தின் வழியே சுடுகாட்டுக்குப் பாதை விடாததால், ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தப் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் அது நினைவில் இருந்தது.

நோய்க்கு என்ன நிறம் தெரியும்? மருத்துவம் விஞ்ஞானம்தானே?

விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அது விரல் வழியாக ஒளியைச் செலுத்தி ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று கணக்கிடுகிறது. தோலின் கருமையும் அந்த ஒளியில் கொஞ்சத்தை விழுங்குகிறது. 2020 டிசம்பரில் மிச்சிகன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், மீட்டர் 92 முதல் 96 வரை காட்டிக்கொண்டிருந்தபோதே உண்மையில் ரத்தத்தில் 88-க்குக் கீழே இறங்கியிருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். ஏறக்குறைய மூன்று மடங்கு. மீட்டர் யாரையும் வெறுக்கவில்லை. கறுத்த தோலில் போதுமான அளவு சோதித்துப் பார்க்காமல் விட்டார்கள்.

சிறுநீரகக் கணக்கும் அப்படித்தான். அமெரிக்காவில் பல வருடம் பயன்பட்ட ஒரு சூத்திரம், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் சிறுநீரகம் சுமார் 16 சதவீதம் கூடுதலாக வேலை செய்வதாகக் காட்டும். அதனால் மாற்றுச் சிறுநீரக வரிசையில் அவர்கள் பெயர் தாமதமாகச் சேர்ந்தது. 2021-ல்தான் இனத்தைக் கணக்கில் எடுக்காத புதுச் சூத்திரம் வந்தது.

நர்சுகளுக்கு ஒரு விஷயம். படுக்கைப் புண்ணின் முதல் அறிகுறி "தோல் சிவக்கும்" என்று புத்தகத்தில் இருக்கும். கறுத்த முதுகில் சிவப்பு தெரியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள். அந்த இடம் பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கும், அல்லது கெட்டியாக, அல்லது மெத்தென்று இருக்கும். உடம்பு நீலம் பாய்கிறதா என்று தெரியவேண்டுமானால் நாக்கையும் உதட்டின் உள்பக்கத்தையும் பார்க்கவேண்டும். ரத்தசோகைக்குக் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பது நம் பக்கத்தில் எல்லாருக்கும் கைவந்தது. பாடப்புத்தகம் வெள்ளைத் தோலுக்கு எழுதப்பட்டிருந்தாலும், இங்கே கை தானாகக் கற்றுக்கொண்டது அது.

சிலருக்கு வலி தாங்கும் சக்தி அதிகம் என்கிறார்களே. உண்மையா?

இந்தக் கேள்விக்கு என் கதையைத்தான் சொல்லவேண்டும்.

1990-களின் நடுவில், ஒரு ஆஸ்பத்திரியில், இரவு டூட்டி. ஜவ்வாது மலையிலிருந்து வந்த பெண், சிசேரியன் ஆன இரண்டாம் நாள், எட்டாம் கட்டில். டூட்டி மாறும்போது எனக்குச் சொன்னது: "எட்டு, மலைக்காரப் பொண்ணு, தொந்தரவே இல்ல." வலி ஊசி எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருந்தது, அதாவது தேவைப்பட்டால் மட்டும். ஆறாம் கட்டிலில் இருந்த டவுன் பெண் கத்தினார், ஊசி போட்டேன். பிறகு இன்னொரு முறையும் போட்டேன். எட்டாம் கட்டில் சத்தமில்லாமல் கிடந்தது. மலை ஜனங்கள் வலி தாங்குவார்கள் என்று யாரோ சொல்லிக் கேட்டு, நானும் நம்பியிருந்தேன். நர்ஸ் குறிப்பில் "கம்ஃபர்டபிள்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

நாலு மணிக்குக் குழந்தை அழுதது. தூக்கிக் கொடுக்கப் போனபோது டார்ச் வெளிச்சத்தில் அவர் முந்தானை கண்ணில் பட்டது. ஒரு முனை முழுக்க நனைந்து, பல் பட்டு இழை இழையாகக் கிழிந்திருந்தது. நாடி 120. உள்ளங்கையில் நகம் பதிந்த நாலு பிறைகள். வலிக்குதாம்மா என்றேன். தலையாட்டினார். ஏன் சொல்லல என்று கேட்டதற்கு, "சத்தம் போட்டா தொரத்திடுவாங்கன்னு அத்த சொல்லி அனுப்பிச்சி" என்றார்.

2016-ல் வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களையும் பயிற்சி மருத்துவர்களையும் கேட்ட ஆய்வைப் படித்தபோது அந்த முந்தானைதான் ஞாபகம் வந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், கறுப்பினத்தவர் தோல் தடிமன் என்பதுபோன்ற பொய் ஒன்றையாவது நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பின நோயாளியின் வலிக்குக் குறைவான மதிப்பெண் போட்டார்கள். அவர்கள் கொடுமைக்காரர்கள் இல்லை. நானும் இல்லை. எட்டாம் கட்டிலுக்கு ஊசி போகவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

இத்தனைக்கும் வலியைப் பற்றி உலகுக்குப் பாடம் சொன்ன ஊர் இது. தொழுநோயாளிகளின் விரல் தேய்வது நோய் சதையைத் தின்பதால் என்று நினைத்திருந்த காலத்தில், வலி தெரியாமல் சுட்டுக்கொண்டும் அடிபட்டும்தான் தேய்கிறது என்று டாக்டர் பால் பிராண்ட் வேலூரிலும் கரிகிரியிலும் வேலை செய்து காட்டினார். வலி எப்படிப்பட்ட செய்தி என்று தெரிந்த மண்ணில் நின்று நான் ஒரு பெண்ணின் வலியை விசாரிக்காமல் விட்டேன்.

சிலர் ஊசி என்றாலே ஓடுகிறார்களே, டாக்டரை நம்புவதில்லையே. அது அறியாமைதானே?

அலபாமா மாநிலம் டஸ்கிகீயில் 1932-ல் அமெரிக்க அரசின் சுகாதாரத் துறை ஒரு ஆய்வைத் தொடங்கியது. மேகநோய் (சிபிலிஸ்) கண்ட 399 ஏழைக் கறுப்பின ஆண்களும், அந்த நோய் இல்லாத 201 பேரும். "கெட்ட ரத்தம்" என்று சொல்லி, சிகிச்சை தருவதாக நம்பவைத்து, நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். 1947 வாக்கில் பெனிசிலின் வழக்கமான மருந்தாகிவிட்டது. அப்போதும் கொடுக்கவில்லை. 1972-ல் பத்திரிகையில் வெளிவந்த பிறகுதான் நிறுத்தினார்கள். 1997-ல் அதிபர் கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். 40 வருடம் ஏமாற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் ஊசியைச் சந்தேகப்பட்டால் அதை அறியாமை என்று என்னால் சொல்ல முடியாது. நம் பக்கத்திலும், மறுப்பவரைத் திட்டுமுன், இதற்கு முன் யார் உங்களை என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். பதில் இருக்கும்.

நாவல் படித்தால் மனசு மாறுமா?

2013-ல் இரண்டு உளவியலாளர்கள், நல்ல இலக்கியப் புனைவைக் கொஞ்சம் வாசித்தாலே பிறர் மனதைக் கணிக்கும் திறன் கூடுகிறது என்று ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். உலகமெங்கும் கொண்டாடினார்கள். பிறகு மற்றவர்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. அதனால் ஒரு புத்தகம் ஒரு மனிதரைத் திருத்திவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அழுதுகொண்டே படம் பார்த்துவிட்டு, வெளியே வந்து செருப்புத் தைப்பவரிடம் "டேய்" போடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

குறள் 315 இதற்கு உதவும். "அறிவினான் ஆகுவ துண்டோ பிறிதின்நோய் தந்நோய்போல் போற்றாக் கடை." வள்ளுவர் "உணராக் கடை" என்று எழுதவில்லை, "போற்றா" என்கிறார். போற்றுதல் என்றால் காப்பது, பேணுவது. கையால் செய்யும் வேலை. கண்ணீர் வந்ததா என்று அவர் கேட்கவில்லை. நாவல் எனக்குக் கொடுப்பது அடுத்த முறை எங்கே பார்க்கவேண்டும் என்ற பழக்கம். பெகோலாவின் நீட்டிய கையைப் படித்த மாணவி, மறுநாள் மாத்திரையைக் கட்டில் மேசையில் வைத்துவிட்டு நகராமல் உள்ளங்கையில் கொடுத்ததாகச் சொன்னாள். எனக்கு அது போதும்.

எதைப் படிக்கலாம், எதைப் பார்க்கலாம்?

யார் கதை சொல்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஹார்ப்பர் லீயின் "டு கில் எ மாக்கிங்பேர்ட்" நாவல் 1960-ல் வந்து 1962-ல் படமானது. பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட கறுப்பினத்தவரான டாம் ராபின்சனுக்காக ஒரு வெள்ளைக்கார வக்கீல் வாதாடுகிறார். எனக்குப் பிடித்த கதைதான். ஆனால் படம் முடிந்ததும் மாணவிகளிடம், டாமின் மனைவி என்ன நினைத்தாள் என்று கேட்டேன். யாராலும் சொல்ல முடியவில்லை, கதை அந்த வீட்டுக்குள் நம்மை உட்கார வைக்கவே இல்லை. நல்லவர் ஒருவரின் தோளில் ஏறிப் பார்க்கும்போது நமக்கும் நல்லவராகிவிட்ட நிம்மதி வந்துவிடுகிறது. அதனால் அடுத்த மாதம் மாரிசனுக்குப் போனோம், அதற்கடுத்து 1992-ல் வந்த பாமாவின் "கருக்கு". பட்டவரே சொல்லும்போது நிம்மதி கிடைக்காது.

"நீக்ரோ" என்று எழுதலாமா?

வேண்டாம். பழைய பாடப்புத்தகத்தில் இருந்தது உண்மை. இன்று "கறுப்பினத்தவர்" என்று எழுதுங்கள். நாடு தெரிந்தால் "கென்யர்", "நைஜீரியர்" என்று நாட்டைச் சொல்லுங்கள். "காப்பிரி" வேண்டவே வேண்டாம். சுருட்டை முடிக்குக்கூட.

ஆஸ்பத்திரியில் என்னையே இப்படி நடத்தினால்?

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தில், பாகுபாடு இல்லாத சிகிச்சை ஒரு உரிமை. கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. நடந்த தேதி, நேரம், வார்டு, சொன்ன வார்த்தை இவற்றை அன்றே எழுதி வையுங்கள். முதலில் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். மருத்துவர்மேல் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதி சொல்லி இழிவு செய்தால் 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

முப்பது கட்டிலுக்கு ஒரு நர்ஸ். இதற்கெல்லாம் நேரம் எங்கே?

நேரம் இல்லை என்பது நிஜம், அதை மறுக்கமாட்டேன். ஆள் குறைவாக இருக்கும் வார்டில்தான் பழைய நம்பிக்கைகள் வேகமாக வேலை செய்யும். யோசிக்க நேரமில்லாதபோது "மலைக்காரப் பொண்ணு" என்ற சொல்லே யோசனை ஆகிவிடும். அதனால்தான் பழக்கத்தை முன்கூட்டியே மாற்றச் சொல்கிறேன். எஸ்.ஓ.எஸ். ஊசி எழுதிய எல்லாக் கட்டிலிலும் நின்று, கத்தினாலும் கத்தாவிட்டாலும், பத்துக்கு எவ்வளவு வலி என்று கேளுங்கள். பத்து வினாடி ஆகும். "தொந்தரவே இல்ல" என்று யாரைப் பற்றியாவது சொன்னால் அந்தக் கட்டிலுக்கு முதலில் போங்கள்.

மொழிக்கு எங்கள் லாட்ஜ் தம்பிகள்தான் குரு. "கொத்தாய் பேத்தா?" என்றால் எங்கே வலிக்கிறது. தண்ணீருக்குக் கொல்கத்தாக்காரர் "ஜொல்" என்பார், வங்கதேசத்தவர் பெரும்பாலும் "பானி" என்பார், இரண்டும் தெரிந்திருக்கவேண்டும். மாணவிகள் இவற்றை யூனிஃபார்ம் பாக்கெட்டில் அடங்கும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். இதுவரை 40 சொல் சேர்ந்திருக்கிறது. மிசோ மொழிக்கு நாலு பக்கம் காலியாக விட்டிருக்கிறோம். "சைனாக்காரி" என்று கூப்பிடப்பட்ட அந்தப் பெண்தான் வரும் ஞாயிறு வந்து சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.